மலைநாட்டுத் தமிழரும் கல்லூரிக் கல்வி உதவியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆண்டு விழா மலர்களில் நம் மொழியின் தொன்மையையும் மூவேந்தர் புகழையும் எழுதி மகிழ்வது வழக்கம். அது வேண்டுவதே. ஆயினும், கேரள மாநிலத்தின் கிழக்கெல்லையில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது கல்வெட்டிலோ செப்பேட்டிலோ பொறிக்கப்பட்டதன்று. தோட்டக் கம்பெனியின் செக்ரோலிலும், பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டிலும், ரேஷன் கார்டிலும் சிதறிக் கிடப்பது. ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகுங் காலத்தில் அவ்வரலாறு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றது.

பிள்ளை தேறிவிட்டான், கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. கட்டணத்திற்கும் விடுதிச் செலவிற்கும் அரசாங்கத்தின் உதவியை நாடி விண்ணப்பம் எழுத அமர்ந்தால், மதிப்பெண்ணையும் வருமானத்தையும் அடுத்து ஒரு வினா எழுகின்றது: ‘நீங்கள் எந்த மாநிலத்தைச் சார்ந்தவர்?’ மூணாற்றிலேயே பிறந்து மூணாற்றிலேயே படித்த பிள்ளைக்கு இவ்வினா விந்தையாகத் தோன்றும். ஆனால் இவ்வொரு வினாவிற்கு எழுத்துச் சான்றோடு விடை கூற இயலாமையால் உதவித்தொகையை இழந்தோரும், கல்லூரிப் படிப்பையே கைவிட்டோரும் நம்மிடையே உளர். இவ்வினா எங்கிருந்து வந்தது, அது நம் மக்களை ஏன் இத்துணை வருத்துகின்றது, நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை ஏறிய மக்கள்

1877 ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளைத் துரை, கண்ணன் தேவன் மலைகள் எனப்படும் பெருநிலப்பரப்பைப் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து பெற்றார். அதன் பரப்பு ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்டது. 1880 ஐ ஒட்டிப் பார்வதித் தோட்டத்தில் முதன்முதல் தேயிலை நடப்பட்டது. 1895 இல் பின்லே மூர் கம்பெனியார் வந்தனர். 1897 இல் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி தோன்றியது. சிங்கோனா, காப்பி, ஏலம் எனப் பல பயிர்களை முயன்று பார்த்த மலை, இறுதியில் தேயிலைக்கே உரியதாயிற்று.

காடு திருத்தவும், பாதை வெட்டவும், கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டும். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் மழை பொய்த்த ஊர்களுக்குக் கங்காணிமார் சென்றனர். முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷன் நோக்கிக் குடும்பங்குடும்பமாக மக்கள் மலை ஏறினர். கம்பம், கூடலூர்ப் பக்கத்தார் குமுளி வழியே பீருமேட்டுத் தோட்டங்களை அடைந்தனர். உடும்பன்சோலை ஏலக்காடுகளுக்கும் அவ்வாறே ஆள் சென்றது.

இவர்கள் ஏறியபோது கையில் யாதொரு தாளும் இல்லை. திருவிதாங்கூர் ஒரு சமஸ்தானம். மதுரையும் திருநெல்வேலியும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குள் புகுகின்றோம் என்ற எண்ணமே அவர்கட்கு எழுந்திராது. அவர்கள் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டது கங்காணியின் கணக்கிலும் தோட்டத்துச் செக்ரோலிலுந்தான். அன்று அப்பெயர் கூலி கணக்கிடுவதற்காக எழுதப்பட்டது. முக்கால் நூற்றாண்டிற்குப் பின், ஒரு பேரனின் கல்லூரிக் கட்டணம் அந்த ஒரு வரியைச் சார்ந்து நிற்கும் என்று எழுதியவரும் அறியார், எழுதப்பெற்றவரும் அறியார்.

1924 ஆம் ஆண்டு வெள்ளம் மூணாற்றை அழித்தது. குண்டளைப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதையும் அதில் மறைந்தது. ஆனாலும் மக்கள் மலையை விட்டு அகலவில்லை. சிதைந்த தோட்டங்களை மீண்டும் கட்டியெழுப்பியவரும் அவர்களே.

பன்னிரண்டு வயதோடு நின்ற கடமை

விடுதலைக்குப் பின்னர் 1951 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் முதலியவற்றை முதலாளியின் கடமையாக்கிய நற்சட்டம் அது. கல்வி குறித்தும் அதில் ஒரு பிரிவு இருந்தது. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், அவர்கட்குக் கல்வி வசதி செய்து தருமாறு மாநில அரசாங்கம் விதி வகுக்கலாம் என்பது அப்பிரிவின் கருத்து.

இப்பிரிவால் தோட்டந்தோறும் தமிழ்ப் பள்ளிகள் நிலைபெற உதவி கிடைத்தது. அதனை நன்றியோடு நினைத்தல் வேண்டும். ஆனால் பன்னிரண்டு என்னும் எண்ணையும் நாம் கவனித்தல் வேண்டும். பன்னிரண்டு வயதிற்குமேல் தொழிலாளியின் பிள்ளை படிக்கக்கூடும் என்ற நினைவு அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் குடும்பத்தின் தனிப்பொறுப்பாயின.

மற்றொன்றும் உண்டு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைத்தல் வேண்டும். எனவே மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்திற்கும் தன் பெயரில் ஒரு சென்ட் நிலமோ, பட்டாவோ, வரி ரசீதோ இல்லாதிருத்தல் இயல்பாயிற்று. நிலமுடையவன் தன் குடியிருப்பை நிலத்தின் தாளால் மெய்ப்பிக்கின்றான். திருவிதாங்கூர்-கொச்சி அரசாங்கம் 1955 இல் மலைநாட்டுக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கி, கல்லார் முதலிய இடங்களில் குடும்பத்திற்கு ஐந்து ஏக்கர் அளவில் நிலம் வழங்கியது. நிலம் பெற்ற குடும்பத்திற்கு அன்றே ஒரு முகவரியும் கிடைத்தது. தோட்டத் தொழிலாளிக்கோ முகவரி என்பது எஸ்டேட்டின் பெயரும் டிவிஷனின் பெயரும் லயத்தின் எண்ணுமே.

எல்லை வகுத்த ஆண்டுகள்

இக்காலத்திலேதான் மாநில எல்லைகளைத் திருத்தியமைக்கும் பணி நடந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் நேசமணி அவர்களின் தலைமையில், தென் தாலுகாக்களோடு தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களும் தமிழ்நாட்டைச் சேரவேண்டுமென்று போராடினர். பசல் அலி தலைமையில் குன்சுருவும் பணிக்கரும் அங்கம் வகித்த ஆணைக்குழு 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன.

அம்முடிவின் நன்மை தீமைகளை ஈண்டு வழக்காடுதல் நம் கருத்தன்று. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றே நமக்கு வேண்டுவது. அவ்விரு தாலுகாக்களிலும் தமிழர் மிகுந்திருப்பினும், அவர்களிற் பெரும்பாலோர் தோட்ட வேலைக்காக வந்துபோகும் நிலையற்ற மக்கள் என்று கருதப்பட்டனர். ‘நிலையற்ற மக்கள்’ என்னும் இக்கருத்து அன்று எல்லையைத் தீர்மானிக்க உதவியது. பின்னர் அதே கருத்து வேறோர் உருவில் வந்து கல்வி உதவியையும் தீர்மானித்ததனைக் கீழே காண்போம்.

பாலக்காட்டுப் பக்கத்தின் வரலாறு வேறு. மலபார் ஜில்லாவின் பகுதியாகிய பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. மலம்புழை அணையைக் கட்டியது சென்னை அரசாங்கமே. 1955 அக்டோபரில் அதனைத் திறந்துவைத்தவர் முதலமைச்சர் காமராசர். விக்டோரியா கல்லூரியில் படித்த பாலக்காட்டு மாணவன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாணவன். சித்தூர்ப் பகுதியோ கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது; கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய ஊர்களில் தமிழ்க் குடியானவர் நெடுங்காலமாக உழுது வாழ்கின்றனர். இவர்கள் எல்லையைக் கடந்து வந்தவரல்லர். எல்லையே இவர்களிடம் வந்து சேர்ந்தது. நிலமும் வரி ரசீதும் உடைய இவர்கட்குக் குடியிருப்பை மெய்ப்பித்தல் பெரிதும் கடினமன்று. பின்னர்த் தொழிற்சாலை வேலைக்காகக் கஞ்சிக்கோடு முதலிய இடங்களில் வந்து குடியேறியோர் நிலையோ மூணாற்றார் நிலையை ஒத்தது. ஆகவே ‘கேரளத்துத் தமிழர்’ என்று ஒரே பெயரால் நம்மை அழைத்துக்கொண்டாலும், விண்ணப்பத் தாளின்முன் நாம் மூவகைப்பட்டவர்: மண்ணோடு வந்தவர், 1950 க்கு முன் மலை ஏறியவர், அதன்பின் வந்தவர். இப்பாகுபாட்டில் 1950 என்னும் ஆண்டு ஏன் புகுந்தது என்பதே அடுத்து அறியத்தக்கது.

உபகாரச் சம்பளமும் ஒரு தேதியும்

கல்லூரி மாணவர்க்கு அரசாங்கம் அளிக்கும் உதவித்தொகையை நம் முன்னோர் ‘உபகாரச் சம்பளம்’ என்றனர். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கென மத்திய அரசாங்கம் இவ்வுதவியைத் தொடங்கியது 1944 ஆம் ஆண்டளவில். அக்காலத்தில் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர் இதற்காக வற்புறுத்தியவர். விடுதலைக்குப் பின் அது பழங்குடி மாணவர்க்கும் விரிந்தது. மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய உதவித்தொகை என்று இன்று வழங்குவது இதுவே.

அத்திட்டத்தின் விதிகளுள் ஒரு தொடர் உண்டு. மாணவன் எந்த மாநிலத்தை உண்மையிற் சார்ந்தவனோ, அதாவது எங்கு நிலையாகக் குடியேறியவனோ, அம்மாநில அரசாங்கமே உதவித்தொகையை வழங்கும் என்பது அது. படிக்கும் இடம் எதுவாயினும் ஆகுக. பணம் தரும் இடம் நிலையான குடியிருப்பைப் பொறுத்தது. இவ்விதி நேர்மையானதே. ஆனால் ‘நிலையாக’ என்னும் சொல்லுக்குப் பொருள் யாது?

இங்கேதான் 1950 வருகின்றது. அரசியலமைப்பின் 341 ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்ட் 10 அன்று தாழ்த்தப்பட்ட சாதிகளின் பட்டியலை வெளியிட்டார். பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியானது. ஒரு சாதியின் பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும், ஒருவர் எந்த மாநிலத்துப் பட்டியலுக்கு உரியவர் என்பது அவர்தம் குடும்பம் அந்நாளில் எங்கு நிலையாக வாழ்ந்தது என்பதைக்கொண்டே முடிவு செய்யப்படுகின்றது. பறையர், பள்ளர், சக்கிலியர், அருந்ததியர் என்னும் பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் கேரளப் பட்டியலிலும் உள்ளன. ஆயினும் பெயர் ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது.

மத்திய உள்துறை 1977 மார்ச் 22 அன்று மாநிலங்கட்கு எழுதிய கடிதம் இதனை விளக்கியது. அறிவிப்பு வெளியான நாளுக்குப் பின் பிறந்தவர்க்கு, அந்நாளில் பெற்றோரின் நிலையான இருப்பிடம் எதுவோ அதுவே இருப்பிடம். பிழைப்பிற்காகவோ கல்விக்காகவோ தற்காலிகமாக ஊரைவிட்டுச் சென்றவர் தம் பழைய மாநிலத்தையே சார்ந்தவராகக் கருதப்படலாம். பிழைப்பிற்காக என்னும் சொல்லை ஊன்றி நோக்குக. தோட்டத் தொழிலாளி மலை ஏறியது பிழைப்பிற்காகவே அன்றோ? அறுபதாண்டு அங்கேயே உழைத்து, அங்கேயே மண்ணிற் கலந்தவனும் ‘தற்காலிகமாகச் சென்றவன்’ என்று கொள்ளப்படுவதற்கு இச்சொல் வாயில் திறந்துவிட்டது. 1955 இல் எல்லைக்கணக்கில் நிலையற்றவன் எனப்பட்டவன், ஏறத்தாழ இருபதாண்டு கழித்துக் கல்விக்கணக்கிலும் அவ்வாறே ஆனான்.

1985 பிப்ரவரியில் வெளியான மற்றொரு கடிதம், இடம்பெயர்ந்தவர்க்குரிய சலுகைகள் அவர்தம் மூல மாநிலத்திலேயே கிடைக்கும், குடிபுகுந்த மாநிலத்தில் கிடையா என்று தெளிவுபடுத்தியது. கேரளத்தில் சாதிச் சான்று வழங்குதலை முறைப்படுத்திய 1996 ஆம் ஆண்டுச் சட்டம், மெய்ப்பிக்கும் பொறுப்பினை விண்ணப்பதாரர் மேலேயே வைத்தது. ஆக, 1950 க்கு முன் தாத்தா இங்கு வாழ்ந்தார் என்பதைப் பதினேழு வயதுப் பேரன் காட்டல் வேண்டும்.

நீதிமன்றங்கள் கூறியவை

இப்பொருளில் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகள் வழங்கியுள்ளது. 1955 இல் இந்தோர் மருத்துவக் கல்லூரி வழக்கு வந்தது. மத்திய பாரத மாநிலத்தில் குடியிராத மாணவரிடம் மட்டும் தனிக்கட்டணம் வாங்கியது சரியா என்பது கேள்வி. பிறந்த இடம் வேறு, குடியிருக்கும் இடம் வேறு. பிறப்பிடம் பற்றி வேற்றுமை காட்டலாகாது, ஆனால் குடியிருப்புப் பற்றிக் காட்டலாம் என்று நீதிமன்றம் கூறிற்று. 1984 இல் பிரதீப் ஜெயின் வழக்கில், இந்தியாவில் மாநிலக் குடியுரிமை என ஒன்று இல்லை, நாடு முழுமைக்கும் ஒரே குடியுரிமைதான் என்று அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. நம் நெஞ்சுக்கு இனிய தீர்ப்பு அது. ஆயினும் மாநில அரசாங்கங்களின் குடியிருப்பு விதிகளை அது முற்றும் நீக்கிவிடவில்லை.

1990 இல் வந்த வழக்கு நம் நிலைக்கு மிக அணித்தானது. ஆந்திரத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த ஒரு மாணவர், தந்தையின் வேலை காரணமாக ஒன்பது வயதில் பம்பாய் சென்று, அங்கேயே படித்து, மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர்க்குரிய இடம் கோரினார். தந்தை பிழைப்பிற்காக வந்தவர் ஆதலின் மகாராட்டிரத்தில் அவ்வுரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. 1994 இல் அரசியலமைப்பு அமர்வு இதனை உறுதி செய்தது. 2018 ஆகஸ்டில் மற்றோர் அமர்வும் அவ்வழியே நின்றது. ஒரு மாநிலத்துச் சமூகச் சூழலை வைத்துப் பட்டியல் அமைவதால், அவ்வுரிமை மாநில எல்லையைத் தாண்டிச் செல்லாது என்பது இவற்றின் சாரம்.

இதன் வன்மையைத் தேவிகுளத்தார் அண்மையில் நேரிற் கண்டனர். அத்தொகுதி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. 2021 இல் அங்கு வெற்றி பெற்ற அ. ராஜா அவர்களின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாதென்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கித் தேர்தல் செல்லும் என்றது. சமயம் பற்றிய வினாவோடு, அவர்தம் முன்னோர் 1950 க்கு முன்னரே அம்மலையில் நிலையாகக் குடியிருந்தனரா என்னும் வினாவும் அவ்வழக்கில் ஆராயப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர்க்கே இவ்வினா எழுமாயின், லயத்து மாணவன் நிலை சொல்ல வேண்டுவதில்லை.

இரு மாநிலங்கட்கும் இடையில்

கேரளம் இல்லையென்றால் தமிழ்நாடு உண்டே என்று சிலர் நினைப்பர். அங்கும் வழி நேரானதன்று. தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அம்மாநிலத்திற் படித்தவர் இருப்பிடச் சான்று காட்ட வேண்டுவதில்லை; வெளியே படித்த தமிழ்நாட்டார் காட்டல் வேண்டும். தேனியிலோ தென்காசியிலோ ரேஷன் கார்டு அற்றுப்போய், பூர்விக வீடும் இடிந்துபோன குடும்பம் அச்சான்றினை எங்ஙனம் பெறும்? அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு தந்த 2020 ஆம் ஆண்டுச் சட்டமும், மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்க 2022 இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்க்கே உரியவை. மூணாற்றில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியே படித்த பெண்ணுக்கு, தமிழ் படித்தாள் என்பதனால் மட்டும் அவை கிட்டா.

கேரளத்திலோ, தொழிற்கல்விச் சேர்க்கை விதிகள் கேரளீயர், கேரளீயர் அல்லாதார் என்று பகுத்துள்ளன. அல்லாதாருள், கேரளத்தில் ஐந்தாண்டு குடியிருந்தவர்க்கும் எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தவர்க்கும் பொதுத்தகுதி இடங்களிற் போட்டியிட வழி உண்டு. ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் இல்லை. வாயில் திறந்திருக்கின்றது, உள்ளே செல்லும் கட்டணத்திற்குத்தான் துணை இல்லை.

பிற நாட்டு நிலை

குடியிருப்பை மெய்ப்பிக்கத் தாள் வேண்டும் என்பது நம் மக்கட்கு மட்டும் நேர்ந்ததன்று. இலங்கையில் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பு முதலியவற்றிற்குச் சான்று கேட்டது. மலையகத் தோட்டங்களிற் பிறந்து பதிவில் ஏறாத பல்லாயிரவர் அச்சான்று காட்ட இயலாது நாடற்றவராயினர். 1964 இல் இந்திரா காந்தி அம்மையார்க்கு முற்பட்ட லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கையால், ஐந்து லட்சத்து இருபத்தையாயிரவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். அவர்களும் நம்மைப் போன்றே மதுரை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னே சென்றவரின் வழித்தோன்றல்கள். நாம் அயல்நாட்டில் இல்லை. நம் குடியுரிமையை எவரும் ஐயுறவில்லை. அவ்வகையில் நாம் பேறுபெற்றவர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1965 ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின்கீழ், நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்ற வெளிநாட்டாரின் பிள்ளைகளும் தாமே அவ்வட்டை பெற்றிருப்பின் மத்திய அரசாங்கத்தின் கல்லூரி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். குடிமகன் அல்லாதவனும் அட்டையின் எண்ணை எழுதி உதவி பெறுகின்றான். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அவ்வட்டையைப் பெறுதல் அங்குள்ள கடினம். நம் நாட்டிலோ குடிமகனுக்கு அத்தகைய அட்டை வேண்டுவதில்லை. ஆனால் மாநிலத்தோடு அவனைப் பிணைக்கும் பழைய தாள் வேண்டும். அட்டையாயினும் தாளாயினும், வாழ்ந்தது மட்டும் போதாது, வாழ்ந்தமை எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே இரு நாட்டிலும் விளங்கும் உண்மை.

செய்யத்தக்கன

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று. நம் முன்னோர் நிலையற்றவரல்லர். அவர்தம் நிலைபேறு எழுத்தில் ஏறாமற்போனதே குறை. அவ்வெழுத்தைத் தேடித் தொகுப்பது இத்தலைமுறையின் கடன். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் தேடத் தொடங்குதல் காலங்கடந்த செயல். எட்டாம் வகுப்பிலேயே தொடங்குதல் நன்று.

முதலாவது, குடும்பம் மலைக்கு வந்த ஆண்டினை அறிக. 1950 க்கு முன் வந்த குடும்பமாயின், அதற்குரிய சான்றுகள் பின்வரும் இடங்களில் இருத்தல் கூடும்: தோட்டக் கம்பெனியின் செக்ரோல், வீடு ஒதுக்கீட்டு ஏடுகள், பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு. பிற்காலத்து வருங்கால வைப்புநிதித் தாளும், பணிக்கொடைத் தாளும், பழைய வாக்காளர் பட்டியலும் தொடர்ச்சியைக் காட்டுவன. தாத்தாவின் பெயரும் தந்தையின் பெயரும் எல்லாத் தாள்களிலும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரு தாளில் முத்தையா, மறுதாளில் முத்தன் என்றிருந்தால் இருவர் என்று கொள்ளப்படும். அரசாங்க அலுவலகத்திலுள்ள ஏட்டின் நகலை 2005 ஆம் ஆண்டு தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, 1950 க்குப் பின் வந்த குடும்பத்தார் மனந்தளர வேண்டுவதில்லை. தந்தையின் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றினை அடிப்படையாகக் கொண்டு, குடிபெயர்ந்தவர்க்குரிய சான்றினை இங்குள்ள அதிகாரியே வழங்க 1982 ஆம் ஆண்டு மத்திய ஆணை இடம் தருகின்றது. கேரளச் சலுகைக்கு அது பயன்படாதெனினும், மத்திய அரசாங்கக் கல்வி நிலையங்களின் ஒதுக்கீட்டிற்கு உதவும். உதவித்தொகைக்குத் தமிழ்நாட்டு அரசாங்கத்தையே நாடுதல் வேண்டும். ஆதலின் பூர்விக ஊரோடு உள்ள தொடர்பை, ஒரு பத்திரமாயினும் ஒரு வரி ரசீதாயினும், அறுத்துவிடலாகாது.

மூன்றாவது, மாநிலத்தைப் பற்றிக் கேளாத உதவிகளும் உள. மத்திய அரசாங்கத்தின் கல்லூரி மாணவர் உதவித்தொகை, தேர்வு வாரியத்தில் மேல்நிலை மதிப்பெண் பெற்றவர்க்கு உரியது. வங்கிக் கல்விக் கடனில் நான்கு லட்சம் ரூபாய் வரை பிணைச்சொத்து கேட்பதில்லை; 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரிகளிற் சேர்வோர்க்குப் பிணையின்றிக் கடன் அளிக்கின்றது. நிலமற்ற குடும்பத்திற்கு இவ்வொரு செய்தியே பெருந்துணை.

நான்காவது, மொழி பற்றிய அச்சம் வேண்டா. கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையோர் தலைமைச் செயலகத்திற்கும், துறைத் தலைவர்க்கும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்கட்கும் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே விடை பெறவும் உரிமை தந்துள்ளது. மலையாளம் எழுதத் தெரியாமையால் ஒரு விண்ணப்பம் நின்றுபோதல் கூடாது. அதே வேளையில் நம் பிள்ளைகள் மலையாளத்தையும் நன்கு கற்றல் வேண்டும். அண்டை வீட்டாரின் மொழி அது.

இனிச் சங்கத்தின் கடன். 2020 ஆகஸ்ட் 6 அன்று பெட்டிமுடியில் நேர்ந்த மண்சரிவில் எழுபது உயிர்களை இழந்தோம். லயங்களோடு அவற்றிலிருந்த பெட்டிகளும், பெட்டிகளிலிருந்த தாள்களும் மண்ணுள் மறைந்தன. உயிருக்கு முன் தாள் பெரிதன்று. ஆயினும் எஞ்சிய குழந்தையின் எதிர்காலத்திற்கு அத்தாளே வேண்டியிருக்கின்றது. ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தின் முதன்மையான ஆவணங்களையும் படியெடுத்து, வீட்டில் ஒன்றும் உறவினர் வீட்டில் ஒன்றும் வைத்தல் நன்று. சங்கத்தில் கல்லூரி கண்ட இளைஞர் சிலர் கூடி, ஞாயிறுதோறும் விண்ணப்பம் எழுதித் தரும் பணியை மேற்கொள்ளலாம். முதியவர்களிடம் குடும்பம் வந்த ஆண்டையும், முதலில் வேலை செய்த எஸ்டேட்டையும், கங்காணியின் பெயரையும் கேட்டு எழுதிவைக்கலாம். அம்முதியவர்கள் நாள்தோறும் குறைந்துவருகின்றனர். அவர்கள் நினைவும் அவர்களோடு மறையும்.

மக்கள்தொகையை எண்ணி எல்லை வகுத்தோர் நம்மை நிலையற்றவர் என்றனர். அவர்கள் எழுதிய பின்னும் நாம் இம்மலையிலும் இக்கணவாயிலும் எழுபதாண்டு வாழ்ந்துவிட்டோம். அந்த வாழ்வை எழுத்திற் கொணர்ந்து நம் பிள்ளைகளின் கையில் தருவோமாக. அவர்கள் அதனைக் கொண்டு கல்லூரி வாயிலுள் நிமிர்ந்து செல்க.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!